எந்த ஆறு என்று கேளுங்கள்

"சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர்.

எங்கள் கொலம்பியாவில் டை கட்டியவனெல்லாம் டாக்டர்தான். இவர் அரசாங்கத்தின் சார்பில் கெரில்லாக்களோடு பேசுகிறவர். ஊசி போடத் தெரியாது.

எதெல்மிரா அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். டாக்டரின் அறைக்குள் தனியாக வரப் பயந்து, எல்லாக் குடும்பங்களும் காத்திருந்த வராந்தாவிலிருந்து என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் மகன் யெசித்தும் என் மகன் ஹெய்னரும் ஒரே போலீஸ் நிலையத்தில், ஒரே நாளில் கெரில்லாக்களிடம் பிடிபட்டவர்கள். காட்டுக்குள் கொண்டுபோய் எட்டு வருஷம் ஆகிறது.

சிறையில் இருக்கும் தங்கள் ஆட்களை விட்டால் இவர்களை விடுகிறோம் என்கிறார்கள் கெரில்லாக்கள். அதைப் பேசவே முதலில் ராணுவம் இரண்டு ஊர்களைக் காலி செய்ய வேண்டுமாம். ஒரு தெருவைக்கூட விட மாட்டோம் என்கிறது அரசாங்கம்.

காலை ரேடியோவில் பேச்சு முறிந்துவிட்டது. மத்தியான ரேடியோவில் நல்ல முன்னேற்றம். எதை நம்புவது, எதற்கு அழுவது, ஒரு மண்ணும் புரிவதில்லை எங்களுக்கு.

இப்போது புதிதாக ஒன்று. அரசாங்கம் பேர் சொல்லிக் கேட்கும் அத்தனை பேரும் உயிரோடு இருப்பதற்குச் சாட்சி வேண்டும். ஒருவர் குறைந்தாலும் பேச்சு கிடையாது. இது டாக்டரின் நிபந்தனை. படம் கேட்டதற்கு, கேமரா மழையில் நனைந்து கெட்டுவிட்டது என்று பதில் வந்தது.

அதனால் ஒவ்வொரு வீட்டாரும், பிள்ளைக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தோம். பதில்கள் வயர்லெஸ்ஸில் வந்து சேர்ந்தன.

மற்ற எல்லோருக்கும் சரியாகவே வந்திருந்தது. சின்ன வயதில் எதை எடுத்து உன்னை அடித்தேன் என்று நான் கேட்டிருந்தேன். சாக்லேட் காய்ச்சும் குவளை என்று ஹெய்னர் சொல்லிவிட்டான். படுபாவி, காட்டில் கிடந்தும் அதை மறக்கவில்லை! வராந்தாவில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன். அவரவரும் தங்கள் பதிலைச் சொன்னார்கள்.

எதெல்மிரா அக்காதான் கடைசி.

டிசம்பர் ஏழாம் தேதி இரவு, மாதாவுக்காக வாசலில் வீட்டு ஆட்களுக்கு ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றுவோம். நீ கூடுதலாக ஒன்று யாருக்காக ஏற்றுவாய் என்று அவள் கேட்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி, எனக்குத் தெரியாதா? கனேலாவுக்கு. அது அவர்கள் வீட்டுக் கோவேறு கழுதை. பாதிரியார் வந்து திட்டிப் பார்த்தும் யெசித் விடவில்லை.

டாக்டர் பதிலை மறுபடியும் படித்தார். "'ஆத்துல போன என் தங்கச்சி லூஸ் டாரிக்காக.' சரியா, தப்பா?"

அக்காவுக்கு ஒரே பிள்ளை. யெசித்துக்குத் தங்கச்சியே கிடையாது.

காய்ச்சலில் உளறியிருப்பானோ? பதில்கள் இடம் மாறியிருக்குமோ? மாறியிருந்தால் கழுதை வேறு யாருக்காவது வந்திருக்க வேண்டுமே. வராந்தாவில் எல்லாப் பதிலையும் கேட்டாயிற்று. கழுதை யாருக்கும் வரவில்லை.

பிறகுதான் மெல்ல உறைத்தது. யெசித் உயிரோடு இல்லை. கணக்குக்கு ஆள் வேண்டும் என்று வேறு எவனையோ பேசவைத்திருக்கிறார்கள். எப்போதோ பிடித்து வைத்த, அரசாங்கம் கேட்கும் பேர்களில்கூட இல்லாத, செத்தான் என்று ஊரே தலைமுழுகிவிட்ட எவனையோ. அவன் கேள்வியைக் கேட்டதும் தன் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டான்.

சரின்னு சொல்லிடு அக்கா. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். நீ தப்பு என்றால் என் பிள்ளையும் அங்கேயே மட்கிப்போவான். உள்ளுக்குள் இப்படிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் என் கையை விட்டாள்.

"சரிதான்" என்றாள்.

"அப்பாடா!" டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "இனி பேச்சை ஆரம்பிச்சிடலாம். சாயங்காலம் வயர்லெஸ்ல அவனுங்களை மறுபடி பிடிப்போம். பையன்கிட்ட வேற ஏதாவது கேக்கணுமா, எஸ்தர் அம்மா?"

அவள் பேர் எஸ்தர் இல்லை. அதைத் திருத்தவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"அது எந்த ஊர் ஆறுன்னு கேளுங்க."

"பெத்தவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

"அவனுக்கு நெனப்பிருக்கான்னு பாக்கணும், டாக்டர்."

டாக்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

வெளியே வந்ததும் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். சரியாக வந்திருக்கிறது என்று அவளே சொன்னாள். ஒருத்தி கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். ஒருத்தி காப்பி கொண்டுவந்து நீட்டினாள். அக்கா அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, கண்ணில் படாமல் ஓடிவிட வேண்டும்போலவும் இருந்தது. எங்களுக்காகத்தானே பொய் சொன்னாள்? ஆனால் அந்த ஆறுதான் எனக்குப் பிடிபடவில்லை. மாடிப்படி ஓரமாக அவளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"ஆறு எதுக்கு அக்கா? நம்ம புள்ளைங்களுக்காக சரின்னு சொன்னே. அதோட விட வேண்டியதுதானே?"

"போடி பைத்தியக்காரி" என்றாள். "பொண்ணை ஆத்துக்குப் பறிகொடுத்த அந்த அம்மா அந்த ஊர்லதானே இருப்பா? பையனும் செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டிருப்பா. என் புள்ள போயிட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ புள்ள இருக்கான்னு அவளுக்குத் தெரிய வேணாமா?"