பாஸ்டன் வக்கீலின் மாவுக்கட்டு

அந்த முன்னறையில் இருந்தவர்கள்: ஒரு காலத்தில் மேற்கு டென்னஸியே பார்த்துக் காறித் துப்பிய ரோஸ்கோ டில்மன். அவர் மனைவி வெர்னா. மெம்ஃபிஸிலிருந்து கேமராவோடு வந்திருந்த இரண்டு இளைஞர்கள், கோல்ட்டன், ப்ரெண்ட். சோபாவுக்கு அடியில் ஒரு கிழட்டு நாய்.

இளைஞர்கள் பிறப்பதற்கு முன்பே ரோஸ்கோ கோதாவை விட்டு இறங்கிவிட்டார். பழைய மல்யுத்தப் பதிவுகளைத் தேடியெடுத்து இணையத்தில் போடுவது அவர்களுக்கு வேலை. பருத்தி வெடிக்கும் பருவத்தில் ஒரு விழா எடுக்கிறார்கள். அதில் ரோஸ்கோவுக்குப் பட்டயம். விழாவில் காட்டப்போகும் படத்துக்குத்தான் இந்தப் பேட்டி.

எண்பதை நெருங்கும் வயதில் முதல் கைதட்டல். ரோஸ்கோ காலையிலேயே சவரம் செய்து, டை கட்டி, உட்கார்ந்திருந்தார்.

முடிவை முன்கூட்டியே பேசிவைத்து ஆடும் அந்தச் சண்டைகளில் அவர் வில்லன்; கோதாவில் அவர் பெயர் பாஸ்டன் வக்கீல். பட்டு அங்கி போட்டுக்கொண்டு, வடக்கத்திப் பணக்காரன்போல மூக்கால் பேசி, தெற்கத்திக்காரர்களைத் தற்குறிகள் என்று திட்டுவார். பாஸ்டனை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பிறந்தது பக்கத்து ஊர்ப் பருத்திக்காட்டில்.

சனங்கள் பேட்டரிகளை எறிந்தார்கள். அவர் கார் டயர்களைக் கிழித்தார்கள். மளிகைக்கடையில்கூட அவர் மூக்கால்தான் பேச வேண்டியிருந்தது.

"அப்ப யாருக்கும் புரியல சார்," என்றான் கோல்ட்டன். "இப்ப ஒவ்வொரு மேட்ச்சையும் மெதுவா ஓட்டிப் பாக்குறோம். அடிச்சவனையெல்லாம் பெரிய வீரனாக் காட்டினதே நீங்க விழுந்த விதந்தான்."

"விழுறதுல இவரு கெட்டிக்காரருதான் தம்பி," என்றபடி வெர்னா கேக் தட்டோடு வந்தாள். "கூரை ஒழுகுது, ஏணியில ஏறுங்கன்னா மட்டும் தலைசுத்தும்."

எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்கோதான் அதிகமாகச் சிரித்தார்.

ப்ரெண்ட் கேமராவைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினான். "அந்த மாவுக்கட்டு கதையச் சொல்லுங்க சார். படத்துக்கே அதுதான் உசிரு."

வெர்னா முந்திக்கொண்டாள். "அதுல என்ன கதை? மத்ததெல்லாம் ஆட்டம். அந்தக் கால் மட்டும் நெசமாவே ஒடஞ்சுது. நான்தானே குளிப்பாட்டி விட்டேன்."

கோல்ட்டன் சிரித்தான். அவளும் தொழில் ரகசியத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துவிட்டான்.

"இன்னுமாம்மா? கட்டுப் போட்ட டாக்டரே எங்ககிட்ட சொல்லிட்டாரு. எலும்புல ஒரு கீறல்கூட இல்லையாம். நல்ல காலுக்கு எட்டு வாரம் கட்டு! இன்னிக்கு எவன் சார் செய்வான்?"

வெர்னா தட்டை நீட்டியபடியே நின்றாள்.

டாக்டருக்கு வயதாகிவிட்டது, உளறுகிறார் என்று ரோஸ்கோ சொல்லியிருக்கலாம். இருவரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். படத்தின் உயிரும் போயிருக்கும்.

வில்லன் வெளியிலும் வில்லன். கோதாவில் ஒடிந்த கால் தெருவிலும் ஒடிந்த கால்தான். யாராவது ஒருவன் கண்ணில் நேராக நடந்து மாட்டினால் மறுவாரம் வேலை கிடையாது. அந்தக் காலத்துச் சட்டம் அது. அதை அவரைப்போல் கட்டிக் காத்தவன் எவனுமில்லை. அதற்காக ஒரு நாய்கூட அவரைப் பாராட்டியதில்லை.

ரோஸ்கோ நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒரு தடவகூட அந்தக் காலை ஊனல தம்பி. வீட்லகூட."

"அம்மாவுக்குமா தெரியாது?"

"யாருக்கும் தெரியாது."

"அடேங்கப்பா!" ப்ரெண்ட் கைதட்டினான். கோல்ட்டனும் சேர்ந்துகொண்டான். ரோஸ்கோ மேடையில் இருப்பவரைப் போல லேசாகத் தலை குனிந்தார்.

வெர்னா தட்டை மேசையில் வைத்தாள்.

"டெஸ்ஸி கூப்பிட்டப்பவுமா?"

கைதட்டல் நின்றது. டெஸ்ஸி யாரென்று இளைஞர்களுக்குத் தெரியாது.

டெஸ்ஸி அவர்கள் மகள். அவர் மாவுக்கட்டோடு இருந்த அந்த ஜூலையில் அவளுக்கு ஆறு வயது. வீட்டுக்குப் பின்னால், சோளக்கொல்லையைத் தாண்டி, மாடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டை. அங்கிருந்து அப்பா என்று கூப்பிட்டாள். ஏதோ விளையாட்டு என்றுதான் ரோஸ்கோ நினைத்தார். சாலையில் டிரக்கை நிறுத்திவிட்டு இரண்டு பேர் பாஸ்டன் வக்கீலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஊன்றுகோல்களைக் கக்கத்தில் இடுக்கி, கட்டுப் போட்ட காலைத் தூக்கிப் பிடித்து, கொல்லை நெடுகத் தத்தித் தத்திப் போனார்.

இரண்டாவது முறை அவள் கூப்பிட்ட குரல் வேறு மாதிரி இருந்தது. டிரக் இன்னும் அங்கேதான் நின்றது.

போய்ச் சேர்ந்தபோது குட்டை அசையாமல் கிடந்தது.

அடக்கத்தின்போதும் அவர் ஊன்றுகோல்களோடுதான் நின்றார். விழுந்துவிடப் போகிறாரே என்று வெர்னா தோள் கொடுத்தாள். ஒடிந்த காலோடு மனுஷன் என்னதான் செய்வார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். தன் அம்மாவிடம் சொன்னாள். இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரோஸ்கோ, உன்னைத்தான் கேக்குறேன்."

அவர் கேமராவைப் பார்த்தார்.

இளைஞர்கள் அவசரமாக வயர்களைச் சுருட்டினார்கள். ரோஸ்கோ கேமரா ஸ்டாண்டைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, படிகளில் அவர்களுக்கு முன்னால் இறங்கினார்.

வேனுக்குப் பக்கத்தில் கோல்ட்டன் எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று சொன்னான்.

"படம் நல்லா வரும் சார்."

"அந்தக் கைதட்டல வெட்டிராதீங்க," என்றார் ரோஸ்கோ.

பின்னால் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. பிறகு உள்ளிருந்து பூட்டு திரும்பும் சத்தம் கேட்டது.