அக்காவைப் பற்றி நான் எழுதிய கதை

கரண்ட் போய்விட்டதால் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. சங்கரன்கோவிலில் பகல் இவ்வளவு அமைதியாக இருப்பதே பயமாயிருக்கிறது. வார இதழில் வந்திருக்கும் என் முதல் கதையை, படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் கிணற்றில் விழுந்து செத்துப்போன அக்கா சண்முகவடிவின் கதை அது. கதையில் அவள் பெயர் வள்ளி. கிணற்றுக்குப் போகிறவள் பாதி வழியில் திரும்பி வந்து, வாசலில் நின்று அம்மாவிடம் ஏதோ சொல்வதாகக் கற்பனையாக ஒரு இடம் சேர்த்திருக்கிறேன். அந்த இடம் வந்ததும், உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் சுளகு நிற்கிறது. கூரையின் ஓட்டுக் கண்ணாடி வழியே விழும் வெயிலில் தூசி மட்டும் அசைகிறது.

“அவ திரும்பி வந்தது ஒனக்கு எப்பிடிலே தெரியும்?” என்கிறாள் அம்மா. “நான் யார்ட்டயும் சொல்லலியே.”

“சும்மா கதைக்காக எழுதுனதும்மா.”

“வந்தா. இந்த வாசல்லதான் நின்னா. நான் ஆட்டுரல்ல மாவாட்டிக்கிட்டு இருந்தேன். அந்தச் சத்தத்துல அவ சொன்னது காதுல விழல. என்ன சொன்னா? வாசி.”

அடுத்த வரியும் நான் இட்டுக்கட்டியதுதான். வாசிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசிக்கிற குரல் வேறு யாருடையதோ போல் எனக்கே கேட்கிறது: “‘எம்மா, தனியா போகப் பயமா இருக்கு. நீயும் வாயேன்.’”

அம்மா சுளகைக் கீழே வைக்கிறாள். முகத்தில் அழுகை இல்லை. என்னவோ தெளிந்துபோன மாதிரி இருக்கிறது. “இந்தா வாரேன் தாயி” என்று வாசலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே எழுந்திருக்கிறாள். நான் இதழைப் போட்டுவிட்டு அவள் கையை இறுக்கிப் பிடிக்கிறேன்.

“விடுலே,” என்கிறாள். “வெயில்ல நிக்கா பாரு.”