பிடி பழகின உடும்பு

பாழுங்கிணத்து மேல சாஞ்சு நிக்குது ஒரு வேப்பமரம். அதுல இருக்கிறது ஒரே ஒரு பொந்து. மழை வரப்போகுது, அந்தப் பொந்துக்கு ரெண்டு உடும்பு போட்டி. கிளையில குஸ்தி போடணும், விழுந்தவனுக்குப் பொந்து கிடையாது.

சின்னவன் சுருளி தினமும் கிளையில படுத்து, சைக்கிள் டியூப்ல கட்டின செங்கல்லைக் கீழ தொங்கவிட்டு, "ம்ம்ம்ங்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டு அதைப் பிடிச்சபடியே கிடப்பான். அது பழகினதும் இன்னொரு செங்கல்லைச் சேத்துக் கட்டுவான்.

பெரியவன் பொட்டல் அதே மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு "ம்ம்ம்ங்"னு முனகிக் காட்டுவான். "டேய், பிடிச்சுக்கிட்டே கிடந்தா ஆச்சா? ஒரு தடவையாச்சும் மேல தூக்குடா!"

"பிடி போதும்ணே."

குஸ்தி அன்னிக்குப் பொட்டல் புஸ்ஸுனு சீறிப் பாய்ஞ்சான். சுருளி சட்டுனு பதுங்கிட்டான். பொட்டலுக்குக் கால் வழுக்கிருச்சு. தலைகீழா கிணத்துக்குள்ள போனவனோட வாலைச் சுருளி கப்புனு பிடிச்சான். அடியில பூரா பாறை.

நடுவர் அணில் கத்துச்சு: "விட்டுருடா, பொந்து உனக்கு!"

"விட்டுராத தம்பி!" பொட்டல் அலறினான். "பொந்தை நீயே வச்சுக்கோ. உன் செங்கல்லைக் கும்பிடுறேன்டா!"

சுருளி விடல. பிடி இம்மிகூட நழுவல. கிளைதான் லேசா 'மொறுக்'குனுச்சு.

"என் ராசா, மேல தூக்குடா!"

சுருளி பல்லைக் கடிச்சுக்கிட்டே சொன்னான்: "தூக்கப் பழகலையேண்ணே!"