கூப்பிடாத சாட்சி

மனோரஞ்சிதத்துக்குத் தோள்மூட்டு இரண்டும் கழன்று விழுவதுபோல் வலிக்கிறது. டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்து மீன் தொழிற்சாலையில் இரவுவேலை முடித்து நேரே நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறாள். கூட வேலை செய்தவனைக் குத்திக் கொல்லப் பார்த்ததாக அவள் புருஷன் தவராஜாமேல் வழக்கு. முன்னால் தவராஜா குனிந்திருக்கிறான். முதலில் கத்தியை எடுத்தது மற்றவன். அதைக் கண்ட ஒரே ஆள் தேவநாயகம், பார்வையாளர் வரிசையில் அவளுக்குப் பக்கத்திலேயே, ஈரக் குடையை மடியில் வைத்தபடி இருக்கிறார். அவளைக் காரில் ஏற்றிவந்ததும் அவர்தான். யன்னலின் சாம்பல் வெளிச்சம் ஆறு ஜூரிகளின் முகத்தில் விழுகிறது. நீதிபதி அவர்களுக்கு டெனிஷில் நிதானமாகச் சொல்கிறார்: "இங்கே கூப்பிடப்படாத ஒருவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க வேண்டாம். கேட்டதை மட்டும் வைத்து முடிவெடுங்கள்." மனோரஞ்சிதம் பல்லைக் கடிக்கிறாள். "அண்ணை, இப்பவாவது எழும்பிச் சொல்லுங்கோவன்." "மெல்லக் கதை பிள்ளை. தவராஜாதானே என்ர பேரை லோயருக்குச் சொல்லேல்லை. உங்கட மகளின்ர கலியாணம் முடியுமட்டும் கோட்டுப்பக்கம் வராதையுங்கோ எண்டவன்." "அந்தாள் ஒரு விசர், புத்தியில்லாமல் அப்பிடித்தான் சொல்லும். உங்களுக்கு வாயில்லையே?" அவர் குடைப்பிடியைத் திருகுகிறார். ஜூரிகள் எழுந்து உள்ளே போக, கதவு சத்தமில்லாமல் மூடுகிறது. தவராஜா திரும்பி, எல்லாம் சரி என்பதுபோல் தேவநாயகத்துக்குத் தலையாட்டுகிறான். அவர் நிலத்தைப் பார்க்கிறார். கண்டதைக் கண்டதென்று சொல்லும் ஒரு சாட்சி, அதுதான் அவர் தவராஜாவுக்குப் பட்ட கடன். அது இன்னும் அப்படியே கிடக்கிறது.