மஃபினுக்கு ஒரு துணை

வெர்லின் சர்ச்சுக்குப் போடும் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரி, சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்தான். பக்கத்தில் அவன் மனைவி ஜெனெல். எதிரே நிறுத்திவைத்த செல்போன் திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். சிரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாத முகம்.

"பகல்ல வீட்டுல யாரு இருப்பீங்க?"

"நான் இருப்பேன் மேடம். இதுக்காகவே வேலையை விட்டுட்டேன்," என்றாள் ஜெனெல் அவசரமாக.

"தனியா விட்டா அழும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். ஒரு நிமிஷம்கூடத் தனியா விட மாட்டோம்."

பார்க்கிறவர்கள் ஏதோ பிள்ளையைத் தத்தெடுக்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அவர்கள் கேட்டது ஒரு கன்று. வளர்ந்தாலும் இடுப்பைத் தாண்டாத, நெற்றி முடி கண்ணை மறைக்கும் குட்டை ஹைலேண்ட் ஜாதிக் கன்று.

ஏற்கெனவே அவர்களிடம் ஒன்று இருந்தது, மஃபின். அதன் ஜோடி குளிர்காலத்தில் சளிக் காய்ச்சல் கண்டு செத்ததிலிருந்து மஃபின் தீனியைத் தொடுவதில்லை. வேலியோரம் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று.

"இதுக்கு மருந்து கிடையாது," என்று மாட்டு டாக்டர் கையை விரித்துவிட்டார். "சீக்கிரம் ஒரு துணையைக் கொண்டாங்க. இல்லேன்னா இதுவும் போயிடும்."

அன்றிலிருந்து ஜெனெலுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கன்று இருக்கிறது என்று விளம்பரம் போட்டவர்களைக் கூப்பிட்டால், வீடு எங்கே, வேலி உண்டா என்று ஒரு கேள்வி கிடையாது. முன்பணத்தை அனுப்பு என்றுதான் நின்றார்கள். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மாடு வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதெல்லாம் ஏமாற்றுக் கும்பல் என்று. பொறுப்பாகக் கன்று வளர்த்து விற்கிறவர்கள் கேள்வி கேட்டே உயிரை வாங்குவார்களாம்.

இந்த அம்மாளும் அப்படித்தான் உயிரை வாங்கினாள்.

"எங்கிட்ட முன்பணப் பேச்சே கிடையாது. முதல்ல நீங்க லாயக்கான ஆளுங்களான்னு பார்க்கணும். இப்ப இருக்குற மாட்டைக் காட்டுங்க."

செல்போனைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் தொழுவத்துக்கு ஓடினார்கள்.

"பரம்பரை வியாதி சோதனையெல்லாம் பண்ணியிருக்கா?"

"எல்லாம் சுத்தம் மேடம். நல்ல ஜாதி."

"முட்டுமா?"

"சேச்சே, இது பரம சாது."

"நீங்க குடுத்த விலாசத்துல, டாக்டர் வண்டி தொழுவம் வரைக்கும் வர வழி இருக்கா?"

"லாரியே வரும் மேடம்."

"கேட்டுக்குப் பூட்டு?"

வெர்லின் கேட்டைத் திரும்பிப் பார்த்தான். "கொக்கிதான் மேடம். இந்தப் பக்கம் யாரும் பூட்டுறதில்ல."

"கொக்கியா! உங்களை நம்பி நான் கன்னு குடுக்கணுமா?"

போச்சு, எல்லாம் போச்சு என்று ஜெனெல் கணவனை முழங்கையால் இடித்தாள். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். "சரி, ஒழியட்டும். கன்னு வந்த அன்னிக்கே பூட்டு போட்டாகணும். சனிக்கிழமை மத்தியானம் வாங்க. ஒருத்தர் மட்டும் வந்தா வெறுங்கையோடதான் திரும்பணும், சொல்லிட்டேன். ரெண்டு பேரு வாசனையும் கன்னுக்குப் பழகணும்."

"பாஸாயிட்டோம் வெர்லின்!" ஜெனெல் தொழுவத்திலேயே அழுதுவிட்டாள்.

சனிக்கிழமை காலை, எதிர்ப் பண்ணை ஹார்லனிடம் மஃபினைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். "நிம்மதியா போயிட்டு வாங்க," என்றார் அவர். பிக்கப் வண்டிக்குப் பின்னால் கன்றுக்காக இரவல் வாங்கிய டிரெய்லர் கடகடவென்று வந்தது.

வழியெல்லாம் ஜெனெல் புலம்பிக்கொண்டே வந்தாள். "நேர்ல பார்த்ததும் வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்றது? மஃபின் இன்னிக்குத் தண்ணிகூடக் குடிக்கல வெர்லின்."

"சும்மா இரு. நம்மளைவிட நல்ல வீடு அவளுக்கு எங்க கிடைக்கும்?"

சொன்ன விலாசத்தில் பண்ணை இல்லை. மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்தான் இருந்தது. சுற்றிலும் புல் மண்டிக் கிடந்தது. முன்னால் போய்ப் பார்த்தார்கள், திரும்பி வந்து பார்த்தார்கள். அந்த அம்மாளின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஜெனெலின் முகம் வெளுத்துவிட்டது. "ஏமாத்திட்டாளா?"

"உனக்கென்ன பைத்தியமா? நம்மகிட்ட ஒரு டாலர்கூட வாங்கல. நம்மளை இவ்வளவு தூரம் அலைய விட்டு அவளுக்கு என்ன லாபம்? வழிதான் தப்பியிருக்கும்."

அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. நல்லவளைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. அப்போது போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். ஹார்லன்.

"என்னம்மா ஜெனெல், கன்னைப் பார்த்தாச்சா?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அந்தம்மா அனுப்பின ஆளுங்க எவ்வளவு மரியாதை! ரெண்டையும் அங்கேயே பழக்கி ஒண்ணா அனுப்புவாங்களாமே?"

"எந்த ஆளுங்க?"

"மஃபினைக் கூட்டிட்டுப் போக வந்தாங்களே! வண்டியில ஏற மாட்டேன்னு ஒரே அடம். நான்தான் தட்டிக்கொடுத்து ஏத்திவிட்டேன்!"