பித்தளை ஜாயின்ட்

போன வருடம் சமையலறைக் குழாய் மாட்ட வந்த பிளம்பர் சேசுராஜிடம் டம்ளரை நீட்டி, “வாய் வைக்காம அண்ணாந்து குடிப்பா” என்றாள் வேதவல்லி அம்மாள். தாகத்தில் உதடு பட்டுவிட்டது. அந்த டம்ளரை அவன் கண்முன்னாலேயே குப்பைக்கூடையில் போட்டாள்.

இன்று, ஐஸ் தானாக விழும் புது ஃப்ரிட்ஜுக்குத் தண்ணீர் இணைப்புக் கொடுக்க அவன்தான் வந்திருந்தான். உள்ளங்கையில் குழாயை இணைக்கும் இரண்டு ஜாயின்ட்டுகள்: ஒன்று பிளாஸ்டிக், ஒன்று பித்தளை.

“பிளாஸ்டிக்கே போதாதா?”

“வேணாம்மா. ஆறு மாசத்துல கசியும், கழட்டி மாத்தணும். பித்தளை போட்டா ஆயுசுக்கும் கழட்ட வேண்டாம்.”

அவள் கூடத்துக்குப் போனாள். ஃப்ரிட்ஜுக்குத் தண்ணீர் போகும் மெல்லிய குழாயின் நுனியைத் தண்ணீரில் நனைத்துச் செருகுவதுதான் வழக்கம். பக்கத்திலேயே வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. சேசுராஜ் நுனியை வாயில் வைத்து, நாக்கால் சுற்றிலும் நனைத்து, பித்தளைக்குள் செருகி, ஸ்பானர் இனி நகராது என்னும்வரை இறுக்கினான்.

“முதல்ல விழற ஐஸைக் கொட்டிடணும்னு கடையில சொன்னாங்களே?” என்றபடி அவள் திரும்பி வந்தாள்.

“மத்த வீட்டுல நானும் அப்படித்தான் சொல்வேன். இங்க வேணாம்மா, சுத்தமா போட்டிருக்கேன். முதல் ஐஸை நீங்களே வாயில போட்டுப் பாருங்க.”