மடித்த முனை

டேஷ்போர்டின் நடுவில் பல் பிடுங்கிய இடம் போல ஓட்டை விழுந்திருந்தது.

கார் ஸ்டீரியோவை வெளியே இழுத்து வயரோடு தொங்கவிட்டிருந்தான் நவ்ஷாத். அந்தக் கார் ஆடியோ கடைக்கு முதலாளி, ஃபிட்டர், எடுபிடி எல்லாம் அவனேதான்.

அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தான். மாட்டேன் என்றுவிட்டாள். தன் சம்பளத்தில் வாங்கிய வண்டி. அதன் வயிற்றைத் திறக்கும்போது கூட இருக்க வேண்டாமா?

புதிதாக ஆம்ப்ளிஃபயர் வருகிறது, சீட்டுக்கு அடியில். அடிச்சத்தத்துக்குச் சப்வூஃபர், டிக்கியில். கம்பெனி கொடுத்த ஸ்பீக்கரில் தவில் தகர டப்பாவாகக் கேட்கிறது. எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வாள்.

வீட்டில் சொல்லவில்லை.

சொன்னால் புருஷன் ஆரம்பித்துவிடுவான். "ஸ்டீரியோவுல மட்டும் கை வெக்காத கண்ணு. வாரன்ட்டி போயிரும்." வண்டி வாங்கிய நாளிலிருந்து இதே பாட்டு. போன மாதம் வாரன்ட்டி தானாகவே முடிந்தது. அதற்குப் பிறகும் சொன்னான்.

காலையிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. அவனிடம் மறைத்து அவள் செய்யும் முதல் காரியம் இது. அதுவும் இப்படிப்பட்ட புருஷனிடம்.

ஆபீஸில் மற்ற பெண்களுக்குப் புருஷனிடமிருந்து மணிக்கொரு போன் வரும். எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், ஏன் லேட். இவளுக்கு வராது. ஒரு நாளும் அவன் கேட்டதில்லை.

அவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் ஷிஃப்ட் முடித்து இவளுக்கு முன்னால் வீடு வந்துவிடுவான். இவள் வாசலில் வண்டியை நிறுத்தும்போது, உள்ளே கல்லில் தோசை மாவு சொய்ங் என்று விழும். சீக்கிரம் வந்தாலும் விழும், தாமதமானாலும் விழும்.

எப்படித்தான் தெரியுமோ அவருக்கு என்று சொல்லிச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறாள். கேட்டவர்களுக்கு வயிறு எரிந்தது. எரியட்டும் என்று இன்னும் கொஞ்சம் சொன்னாள்.

நவ்ஷாத்தின் கை நின்றது.

"மேடம், இதுக்கு முன்னாடி வேற யாருகிட்டயாச்சும் வேலை குடுத்தீங்களா?"

"இல்லீங்களே. நீங்கதான் மொதல்ல கை வெக்கறீங்க."

டார்ச்சை உள்ளே காட்டினான். ஸ்பீக்கர் வயர்களுக்குப் பக்கத்தில், மஞ்சள் வயர் ஒன்றில் வேறொரு வயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து மெல்ல இழுத்தான். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது.

"ஜிபிஎஸ்ஸுங்க. உள்ள சிம்மு இருக்கும். வண்டி எங்க போவுது, எங்க நிக்குதுன்னு போன்லயே பாத்துக்கலாம்." அவள் முகத்தைப் பார்த்தான். "திருட்டு பயத்துக்கு ஷோரூம்லயே சில பேரு வெச்சுக் குடுப்பாங்க."

ஷோரூம். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஷோரூமாகத்தான் இருக்கும்.

கையை நீட்டிப் பெட்டியை வாங்கினாள்.

வயரும் வயரும் சேரும் இடத்தில் டேப் சுற்றியிருந்தது. கறுப்பு டேப் இல்லை. காயத்துக்குக் கட்டுப் போடுகிற வெள்ளை டேப்.

அதன் முனை சின்ன முக்கோணமாக உள்ளே மடிக்கப்பட்டிருந்தது.

பிரிக்கும்போது பேஷன்டுக்கு வலிக்கக் கூடாது என்பான். ஆஸ்பத்திரிப் பழக்கம். வீட்டில் டிவி ரிமோட்டில் அந்த மடிப்பு இருக்கிறது. மிக்ஸி வயரில் இருக்கிறது. போன ஆடியில் அரிவாள்மனை அவள் விரலைப் பதம் பார்த்தபோது, அவன் ஊதி ஊதிப் போட்ட கட்டிலும் இருந்தது.

அதே விரலால் முனையைப் பிடித்து இழுத்தாள். வலிக்காமல் பிரிந்தது.

சீ என்று வந்தது அவளுக்கு. அத்தனை தோசையும் இதைப் பார்த்துத்தான்.

"எடுத்துரட்டுங்களா?"

"எடுத்துருங்க."

கத்தரித்தான்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை. செத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தான் போன இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒளிக்க ஒன்றுமே இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

ஸ்டீரியோ பழைய இடத்தில் உட்கார்ந்தது. நவ்ஷாத் டிக்கிப் பக்கம் போனான்.

"ஏதாச்சும் போடுங்க மேடம். இன்னும் ட்யூன் பண்ணல, பேஸ் தூக்கலாத்தான் இருக்கும்."

ஓட்டுநர் சீட்டுக்கு மாறிச் சாவியைத் திருப்பினாள். ஸ்டீரியோ அவள் போனோடு இணைந்துகொண்டது.

பாட்டைத் தேடுவதற்குள் மணியடித்தது. திரையில் அவன் பெயர்.

அழுத்தினாள்.

குரல் டிக்கியிலிருந்து கிளம்பியது. சீட்டு நடுங்கியது. கதவுக் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"எங்க இருக்கற கண்ணு?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்காத கேள்வி.

நவ்ஷாத் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். கொஞ்சம் குறைக்கட்டுமா என்று கையால் கேட்டான்.

அவள் வேண்டாமென்று தலையை அசைத்தாள். சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

"கண்ணு? எங்க இருக்கற?"

கேட்கட்டும்.